நாயின் வாயில் ஒரு கறுப்புக் கட்டி - டைரோசினேஸ் என்ற புரதத்தின் கதை

ஊருக்குப் போன் பண்ணினப்போ, "இந்த வாரம் என்னடா படிக்கிற?"ன்னு அம்மா கேட்டாங்க. "நாய்க்கு வர்ற வாய்ப்புற்றுநோய் பத்திம்மா"ன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் மெதுவா, "ஏண்டா, நாய் வெத்தலை போடுதா?"ன்னாங்க :-)

சிரிப்பு வந்தாலும் நியாயமான கேள்விதாங்க. நம்ம ஊர்ல வாய்ப்புற்றுநோய்னா உடனே ஞாபகம் வர்றது புகையிலையும் பாக்கும்தான். மனுஷங்களுக்கு வாயில் வர்ற புற்று பெரும்பாலும் வாயின் உள்தோல் செல்கள்ல ஆரம்பிக்குது. ஸ்குவாமஸ் செல் கார்சினோமான்னு சொல்வாங்க. நாய்க்கும் இது வரும். ஆனா நாயின் வாயில் மருத்துவர்கள் அதிகமாப் பார்க்கிற புற்று இது இல்லை. அது மெலனோமா. மெலனோமான்னா நமக்குத் தெரிஞ்சது வெள்ளைக்காரங்க வெயில்ல படுத்துக் கிடந்து தோல்ல வாங்கிக்கிற புற்றுநோய். நாயின் வாய்க்குள்ள வெயில் எங்கே அடிக்குது? புகையிலையும் இல்லை, வெயிலும் இல்லை, ஆனாலும் வருது.

இந்தப் பதிவு அந்த நோயைப் பத்தியும், அதுக்கு நடுவுல நிக்கிற ஒரு புரதத்தைப் பத்தியும். புரதத்தோட பேரு டைரோசினேஸ். பதிவு கொஞ்சம் நீளம். காபி எடுத்துக்கிட்டு உக்காருங்க.

கறுப்பு எங்கிருந்து வருது?

நம்ம தோல், முடி, கண் இதுக்கெல்லாம் நிறம் கொடுக்கிற பொருள் மெலனின். இதைத் தயாரிக்கிற செல்லுக்கு மெலனோசைட்னு பேரு. அந்தச் செல்லுக்குள்ள முதல் வேலையைச் செய்யறது டைரோசினேஸ். இது செம்பு அணுக்களை நடுவில் வச்சிருக்கிற ஒரு நொதி. நாம சாப்பிடற பருப்பு, பால், முட்டையில இருந்து கிடைக்கிற டைரோசின் என்ற அமினோ அமிலத்தைப் பிடிச்சு, ஆக்சிஜனோட சேர்த்து, மெலனின் ஆகிற பாதையில தள்ளிவிடும். அதுக்கப்புறம் நடக்கிறதை மத்த நொதிகள் பார்த்துக்கும். ஆனா இந்த முதல் படி இல்லைன்னா மெலனினே இல்லை. டைரோசினேஸ் ஜீன் கெட்டுப்போய்ப் பிறக்கிறவங்களுக்கு முடியும் தோலும் வெளுத்திருக்கிறது இதனாலதான்.

வாழைக்காயை நறுக்கினதும் தண்ணியில போடுவாங்க இல்லையா? வெளியில விட்டா கறுத்துடும். அங்கே வேலை செய்யறதும் டைரோசினேஸுக்கு சொந்தக்கார நொதிதான். சயாமீஸ் பூனை பார்த்திருப்பீங்க. உடம்பு வெளுப்பு; காது, மூக்கு, வால், பாதம் மட்டும் கறுப்பு. அதுகளோட டைரோசினேஸ் சூடு தாங்காது. உடம்பில் குளிர்ச்சியா இருக்கிற ஓரங்கள்ல மட்டும் ஒழுங்கா வேலை செய்யும். ஒரே ஒரு புரதம், எவ்வளவு வேடிக்கை காட்டுது பாருங்க.

நாய்க்கு ஈறு, உதடு, நாக்கு எல்லாத்துலயும் மெலனோசைட் இருக்கு. சௌ சௌ இன நாய்க்கு நாக்கே கறுப்பு. அந்தச் செல்லில் ஒண்ணு கட்டுப்பாடு இழந்து பெருகினா வாய் மெலனோமா. சௌ சௌ, காக்கர் ஸ்பானியல், பூடில், ஸ்காட்டிஷ் டெரியர், கோல்டன் ரெட்ரீவர் போன்ற இனங்கள்ல இது அதிகம் காணப்படுது. பெரும்பாலும் வயசான நாய்களுக்குத்தான் வரும்.

எவ்வளவு மோசமான நோய்?

ரொம்ப மோசம். கட்டி 2 செ.மீ.க்குக் குறைவா இருந்தா முதல் நிலை. 2 முதல் 4 செ.மீ. வரை இரண்டாம் நிலை. அதுக்கு மேல போனாலோ, கழுத்து நிணநீர் முடிச்சுக்குப் பரவினாலோ மூன்றாம் நிலை. நுரையீரல் மாதிரி தூரத்து உறுப்புக்குப் போயிட்டா நான்காம் நிலை. முதல் நிலையிலேயே அறுவை சிகிச்சை செஞ்சா ஒரு வருஷத்துக்கு மேல ஓட்டலாம். அதைத் தாண்டிட்டா அறுவை சிகிச்சையோட மட்டும் நின்னா மாசக்கணக்குதான். கட்டியை வெட்டி எடுக்கலாம், கதிர்வீச்சு கொடுக்கலாம், இருந்த இடத்துல அடக்கிடலாம். ஆனா அது அதுக்குள்ள கமுக்கமா வேற இடத்துக்குக் குடி போயிருக்கும். அதைத் துரத்திப் பிடிக்க கீமோதெரபி பெரிசா உதவறதில்லை.

அப்போ உடம்பு முழுக்கச் சுத்தி வர்ற ஒரு காவல்காரன் வேணும். அந்த ஆள் ஏற்கெனவே நம்மகிட்ட இருக்கான். நோய் எதிர்ப்பு சக்திதான் அது. பிரச்சினை என்னன்னா, அவன் இந்தக் கட்டியைப் பார்த்தும் பார்க்காத மாதிரி போயிடறான்.

ஏன் கண்டுக்கறதில்லை?

மெலனோமா செல்லில் டைரோசினேஸ் நிறைய இருக்கும். உடம்பில் மத்த செல்கள்ல கிட்டத்தட்ட இருக்கவே இருக்காது. அதாவது, இது நல்ல அடையாளம். டைரோசினேஸ் இருக்கிற செல்லைத் தேடி அடின்னு உத்தரவு போட்டா, கட்டி மாட்டிக்கும். கூடவே சில நல்ல மெலனோசைட் போகும், அங்கங்க தோல் வெளுக்கும். உயிரோட ஒப்பிட்டா அது பெரிய நஷ்டம் இல்லை.

ஆனா டைரோசினேஸ் உடம்போட சொந்தப் புரதம். நம்ம டி செல்கள் எல்லாம் தைமஸ் சுரப்பியில பயிற்சி எடுத்துட்டு வர்றவை. சொந்தப் புரதத்தை அடிக்கப் பாயற செல்களை அங்கேயே கழிச்சுக் கட்டிடுவாங்க. இல்லைன்னா உடம்பு தன்னைத்தானே தின்னுடும். அதனால, கட்டி முழுக்க டைரோசினேஸ் கொட்டிக் கிடந்தாலும் காவல்காரன் கண்ணுக்கு அது "நம்ம வீட்டுப் பையன்".

இதை எப்படி மாத்தறது? இங்கேதான் கதை நியூயார்க்குக்குப் போகுது.

அங்கே மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் மையத்துல ஆலன் ஹோட்டன் குழு 1990களில் எலிகளை வச்சு ஒரு சோதனை செஞ்சாங்க. எலிக்கு எலியோட நிறமிப் புரதத்தையே தடுப்பூசியாப் போட்டா ஒண்ணும் நடக்கலை. அதே புரதத்தோட மனுஷ வடிவத்துக்கான ஜீனைப் போட்டாங்க. எதிர்ப்பு சக்தி முழிச்சுக்கிச்சு. மெலனோமா கட்டிகளுக்கு எதிர்ப்பு வந்தது, கறுப்பு எலிகளோட ரோமமும் வெளுத்தது. அந்த வெளுப்பு பக்கவிளைவு மட்டும் இல்லை, காவல்காரன் சொந்தப் புரதத்தைத் தொட ஆரம்பிச்சுட்டான்ங்கிறதுக்கு சாட்சியும் அதுதான்.

விஷயம் எளிமையானது. மனுஷப் புரதமும் எலிப் புரதமும் பெரும்பாலும் ஒண்ணு. சிற்சில இடங்கள்ல மட்டும் வேற. ஊருக்குள்ள உங்க அண்ணன் ஜாடையில ஒரு வெளியூர்க்காரன் வந்து ரகளை பண்றான்னு வைங்க. வாட்ச்மேன் முதல்ல அவனைப் பிடிப்பான். அந்த முகத்தை மனசுல வச்சுக்கிட்டு அப்புறம் அதே ஜாடையில யார் வந்தாலும் ஒரு பார்வை பார்ப்பான். நமக்கு வேணும்னதும் அந்த "ஒரு பார்வை"தான். முழுசா அந்நியமா இருந்தா பிரயோஜனம் இல்லை, முழுசா சொந்தமா இருந்தாலும் பிரயோஜனம் இல்லை. கிட்டத்தட்ட சொந்தமா இருக்கணும்.

ஒன்பது நாய்கள்

அதே நியூயார்க்கில் அனிமல் மெடிக்கல் சென்டர்னு ஒரு விலங்கு மருத்துவமனை. அங்கே இருந்த புற்றுநோய் மருத்துவர் பிலிப் பெர்க்மனும், ஸ்லோன் கெட்டரிங்கின் ஜெட் வோல்சாக், ஹோட்டன் ஆகியோரும் சேர்ந்து இந்த யோசனையை நாய்கள்ல பார்த்தாங்க. சோதனைச்சாலையில வளர்த்து, நோய் வரவச்ச நாய்கள் இல்லை. வீட்டில் வளர்ந்து, தானா நோய் வந்து, சொந்தக்காரங்க கூட்டிட்டு வந்த நாய்கள்.

மனுஷ டைரோசினேஸ் ஜீனை பிளாஸ்மிட் என்கிற டி.என்.ஏ. வளையத்துல சேர்த்து, ஊசியே இல்லாம அழுத்தத்தால் உள்ளே செலுத்துற கருவியை வச்சு தொடைத் தசையில கொடுத்தாங்க. தசைச் செல்கள் அந்த ஜீனைப் படிச்சு மனுஷப் புரதத்தைத் தயாரிக்கும். அதைப் பார்த்து எதிர்ப்பு சக்தி பாடம் படிக்கும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, மொத்தம் நாலு தடவை.

2003இல் முடிவு வெளியாச்சு. ஒன்பது நாய்கள், எல்லாம் இரண்டு முதல் நான்காம் நிலை. 100, 500, 1500 மைக்ரோகிராம்னு மூணு அளவு, அளவுக்கு மூணு நாய். இடைநிலை ஆயுட்காலம் 389 நாள். முன்னேறிய நிலையில மாசக்கணக்குதான்னு இருந்த நோய்க்கு இது பெரிய எண்ணிக்கை. ஒரு நாய்க்கு நுரையீரல்ல பரவியிருந்த கட்டிகள் முழுசா மறைஞ்சு, 329 நாள் அப்படியே இருந்தது. இன்னும் இரண்டு நாய்கள் ஐந்நூறு நாள் வாக்கில் வாழ்ந்து, இறந்த பிறகு அறுத்துப் பார்த்தப்போ உடம்பில் மெலனோமாவே இல்லை. அதே சமயம் நாலு நாய்களை வாயில் இருந்த மூலக் கட்டியாலேயே கருணைக்கொலை செய்ய வேண்டி வந்தது. அதையும் சேர்த்தேதான் சொல்லணும்.

2006இல் வந்த அடுத்த ஆய்வில், தடுப்பூசி போட்ட ஒன்பது நாய்கள்ல மூணுக்கு டைரோசினேஸுக்கு எதிரான ஆன்டிபாடி கூடியிருந்தது தெரிஞ்சுது. பாடம் ஏறியிருக்கு, ஆனா எல்லாருக்கும் இல்லை.

அமெரிக்காவில் விலங்குத் தடுப்பூசிக்கு அனுமதி கொடுக்கிறது வேளாண்துறை. மெரியல் நிறுவனம் தயாரிச்ச இந்த மருந்துக்கு 2007இல் நிபந்தனையோட அனுமதி, 2010இல் முழு அனுமதி. பேரு ஆன்செப்ட். நோய் வராம தடுக்க இல்லை, வந்த புற்றுநோய்க்கு மருந்தா ஒரு தடுப்பூசி அமெரிக்காவில் அனுமதி வாங்கினது இதுதான் முதல். மனுஷங்களுக்கான முதல் புற்றுநோய் சிகிச்சைத் தடுப்பூசியான புரோவெஞ்ச் 2010 ஏப்ரல்ல தான் வந்தது. நாய் நம்மை முந்திடுச்சு :-)

சரி, நிஜமாவே வேலை செய்யுதா?

இங்கேதான் நிதானிக்கணும். படிக்க வந்த இடத்துல எங்க புரொபசர் அடிக்கடி கேக்கற ஒரு கேள்வி இருக்கு: "எதோட ஒப்பிட்டு?" 389 நாள். சரி, எதோட ஒப்பிட்டு?

ஒன்பது நாய் ஆய்வில் தடுப்பூசி போடாத நாய்களே கிடையாது. பழைய பதிவேடுகள்ல இருந்த கணக்கோட ஒப்பிட்டாங்க. 2011இல் ஒரு பெரிய ஆய்வு வந்தது. இரண்டு, மூன்றாம் நிலையில், கட்டியை இருந்த இடத்துல அடக்கின 58 நாய்களுக்குத் தடுப்பூசி போட்டாங்க. ஒப்பிட 53 நாய்கள். ஒப்பிட்ட நாய்களோட இடைநிலை ஆயுள் 324 நாள். தடுப்பூசி போட்டவற்றில் மெலனோமாவால் பாதிகூட இறக்காததால இடைநிலையைக் கணக்கிடவே முடியலை. கேக்கவே சந்தோஷமா இருக்கு இல்லையா? ஆனா அந்த 53ம் பழைய பதிவேட்டு நாய்கள்தான்.

2013இல் இன்னொரு குழு 45 நாய்களோட பதிவேடுகளைப் புரட்டிப் பார்த்தாங்க. தடுப்பூசி போட்டதுக்கும் போடாததுக்கும் ஆயுள்ல சொல்லிக்கிற மாதிரி வித்தியாசம் இல்லைன்னு வந்தது. இதுவும் பின்னோக்கிப் பார்த்த ஆய்வு, சின்ன ஆய்வு. அதனால, இதை வச்சு மருந்து வீண்னும் சொல்ல முடியாது.

பழைய கணக்கோட ஒப்பிடறதுல என்ன தப்புன்னு கேப்பீங்க. நாலு விஷயம் இருக்கு.

முதலாவது, வருஷம் போகப்போக ஸ்கேன் நல்லா வந்திடுச்சு. முன்னாடி கண்ணுக்குத் தெரியாத பரவல் இப்போ தெரியும். அதனால இப்போ "இரண்டாம் நிலை"ன்னு சொல்ற நாய், அந்தக் காலத்து இரண்டாம் நிலை நாயைவிட உண்மையிலேயே நல்ல நிலைமையில இருக்கும்.

இரண்டாவது, அறுவை சிகிச்சையும் கதிர்வீச்சும் முன்னேறியிருக்கு. கிடைச்ச நாட்கள்ல அதோட பங்கு எவ்வளவு, தடுப்பூசி பங்கு எவ்வளவுன்னு பிரிக்கிறது கஷ்டம்.

மூணாவது, தடுப்பூசிக்கு காசு செலவழிக்கத் தயாரா இருக்கிறவங்க மத்த சிகிச்சைக்கும் செலவழிப்பாங்க, சொன்ன தேதிக்குக் கூட்டிட்டு வருவாங்க.

நாலாவது, நாய்க்கு மட்டுமே இருக்கிற சங்கடம். நாயோட ஆயுளை நோய் மட்டும் முடிவு பண்றதில்லை, கருணைக்கொலைக்கு எப்போ சம்மதிக்கறதுன்னு சொந்தக்காரரும் முடிவு பண்றார். "புது மருந்து போட்டிருக்கோம், இன்னும் கொஞ்சம் பார்ப்போம்"னு ஒருத்தர் நினைச்சாலே எண்ணிக்கை மாறிடும்.

இதுக்கெல்லாம் மருந்து சீட்டுக் குலுக்கல்தான். வர்ற நாய்களை எந்தப் பாரபட்சமும் இல்லாம இரண்டாப் பிரிச்சு, ஒரு பக்கத்துக்கு மருந்து, இன்னொரு பக்கத்துக்கு வெறும் தண்ணின்னு யாருக்கும் சொல்லாம கொடுத்துப் பார்க்கணும். நான் மேல சொன்ன ஆய்வுகள் எதுவும் அப்படி நடந்ததில்லை. சொந்தக்காரங்க பக்கமும் புரியுது. வருஷக்கணக்கா கூடவே படுத்துத் தூங்கின நாய்க்கு வெறும் தண்ணி விழலாம்னா யார் கையெழுத்துப் போடுவாங்க? ஆனா அந்தக் கையெழுத்து விழாத வரைக்கும், அடுத்து வர்ற சொந்தக்காரருக்கு மருத்துவர் நெஞ்சைத் தொட்டு ஒரு பதில் சொல்ல முடியாது. "பாதுகாப்பானது, சில நாய்களுக்கு உதவியிருக்கலாம்" அவ்வளவுதான் சொல்ல முடியும்.

மத்த புரதங்கள்

டைரோசினேஸோட கதை முடிஞ்சுடலை. இத்தாலியில டூரின் நகரத்துக் குழு, மெலனோமா செல்லோட மேல்பரப்புல இருக்கிற சி.எஸ்.பி.ஜி.4 என்ற புரதத்தை எடுத்துக்கிட்டாங்க. இங்கேயும் மனுஷ ஜீன்தான். அதை மின்துடிப்பு கொடுத்து தசைக்குள்ள செலுத்தறாங்க.

ஜப்பானில் ஹொக்கைடோ பல்கலைக்கழகம் வேற வழியில போனாங்க. பிடி-எல்1னு ஒரு புரதம் இருக்கு. புற்றுச் செல் இதை மேல மாட்டிக்கிட்டு, கிட்ட வர்ற டி செல்லை "போ போ, ஒண்ணுமில்லை"ன்னு அனுப்பி வச்சிடும். அதை மறைக்கிற ஆன்டிபாடி ஒண்ணை நாய்க்குன்னே தயாரிச்சாங்க. 2017இல் வந்த முதல் முடிவில், வாய் மெலனோமா இருந்த ஏழு நாய்கள்ல ஒண்ணுக்கு கட்டி நல்லா சுருங்கினது. டி செல் பக்கம் இருக்கிற பிடி-1 புரதத்தை அடைக்கிற கில்வெட்மாப் என்ற நாய் மருந்துக்கு அமெரிக்க வேளாண்துறை 2023இல் நிபந்தனையோட அனுமதி கொடுத்தது. மெலனோமாவும் அந்தப் பட்டியல்ல உண்டு.

நமக்கு இதனால என்ன?

மனுஷனுக்கும் வாயில், மூக்குக்குள்ள மெலனோமா வரும். ரொம்ப அரிது. தோல் மெலனோமாவில் கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு பிராஃப் என்ற ஜீனில் கோளாறு இருக்கும், அதுக்கு மாத்திரை உண்டு. வாய் மெலனோமாவில் அந்தக் கோளாறு அபூர்வம், நாய்லயும் அப்படித்தான். நோயாளிகள் குறைச்சலா இருக்கிறதால மனுஷங்கள்ல பெரிய ஆய்வு நடத்தறது கஷ்டம். நாய்களுக்கு இது சாதாரணமா வருது. நம்ம வீட்டுக் காத்தைச் சுவாசிச்சு, முழு எதிர்ப்பு சக்தியோட, தானா வர்ற நோய். எலிக்கு ஊசி போட்டு வரவச்ச நோயைவிட நம்ம நோய்க்கு இது ரொம்பக் கிட்ட.

டைரோசினேஸ் ஊசியை மனுஷங்களுக்கும் போட்டுப் பார்த்தாங்க. இந்தத் தடவை எலி ஜீனும் மனுஷ ஜீனும் மாத்தி மாத்தி. 2007இல் வெளியான முடிவில், 18 நோயாளிகள்ல 7 பேருக்கு டி செல்கள் முழிச்சுக்கிட்டது தெரிஞ்சுது. முழிச்சுக்கிறது வேற, கட்டியைக் கரைக்கிறது வேற. அது மருந்துக் கடைக்கு வரலை.

நாய் வச்சிருக்கிறவங்களுக்கு

புரதம், ஜீன் எல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும். இன்னிக்கு வரைக்கும் இந்த நோய்ல அதிக நாள் வாங்கிக் கொடுக்கிறது கட்டி சின்னதா இருக்கும்போதே பிடிக்கிறதுதான். மாசம் ஒருதடவை உதட்டைத் தூக்கிப் பாருங்க. ஈறு, கன்னத்தின் உள்பக்கம், நாக்கின் அடி, அண்ணம். தட்டையா கறுப்பா இருந்தா பயப்படாதீங்க, பல நாய்களுக்கு இயற்கையே அப்படி. மேல எழும்பி நிக்கிற எதுவா இருந்தாலும் காட்டுங்க. ஏறக்குறைய மூணில் ஒரு பங்கு வாய் மெலனோமா கறுப்பாவே இருக்காது, வெறும் சிவப்புத் தடிப்பா இருக்கும். வாய் நாத்தம் திடீர்னு கூடினா, எச்சில்ல ரத்தம் வந்தா, பல் ஆடினா, சாப்பிடும்போது வாயிலிருந்து உணவு நழுவினா, "வயசாயிடுச்சு, பல் பிரச்சினை"ன்னு விட்டுடாதீங்க.

தாடை எலும்பில் கொஞ்சம் எடுக்கணும்னு மருத்துவர் சொன்னா பதறாதீங்க. பெரும்பாலான நாய்கள் சீக்கிரமே சாப்பிடப் பழகிக்கும். அதுகளுக்குக் கண்ணாடி பார்க்கிற பழக்கம் இல்லை. தடுப்பூசி பத்திப் பேச்சு வந்தா, எந்த நிலை, நிணநீர் முடிச்சைச் சோதிச்சாச்சா, இருந்த இடத்துல கட்டி முழுசா எடுபட்டுச்சான்னு முதல்ல கேளுங்க. மேல பார்த்த பெரிய ஆய்வில் தடுப்பூசி போட்ட நாய்கள் எல்லாமே மூலக் கட்டி அடங்கின நாய்கள். கட்டியை விட்டுட்டு ஊசியை மட்டும் நம்பறதுக்கு அந்த ஆய்வில் ஆதாரம் இல்லை.

டிஸ்கி: நான் கால்நடை மருத்துவர் இல்லைங்க, ஆய்வுக்கூடத்துல புரதம் பிரிச்சுக்கிட்டு இருக்கிற மாணவன். உங்க நாய்க்கு என்ன செய்யணும்னு உங்க டாக்டர்தான் சொல்லணும். வேப்பேரியில படிச்சவங்க யாராவது இந்தப் பக்கம் வந்தா, நீங்க பார்த்த நாய்களைப் பத்திப் பின்னூட்டத்துல எழுதுங்க. அப்புறம், அம்மாவுக்கு முழுக்கதையும் சொன்னேன். பொறுமையா கேட்டுட்டு, "உன் பல்லை எப்போடா கடைசியா டாக்டர்கிட்ட காட்டின?"ன்னு கேட்டாங்க. அதுக்கு இன்னும் பதில் தேடிக்கிட்டு இருக்கேன் :-)